முன்முற்றத்தின் விலை: பெங்களூர் வீட்டுத் தோட்டத்தின் இருநூறு ஆண்டுகள்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை அழகுபடுத்தினால் வீட்டின் மதிப்பு உயரும் என்பது இன்று மனை வணிகர் முதல் கட்டடக் கலைஞர் வரை எவரும் ஐயுறாத கூற்று. இயற்கை விதிபோல ஒலிக்கும் இக்கூற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டு நிலத்தின் 'மதிப்பு' என்பது எதைக் குறித்தது, யார் கண்ணுக்கு அது மதிப்பாகத் தெரிந்தது, யாருடைய உழைப்பாலும் எவ்விடத்து நீராலும் அது உண்டானது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. 'தோட்ட நகரம்' என்று பெயர்பெற்ற பெங்களூர், இம்மாற்றங்களை ஓரிடத்திலேயே வைத்துக் காண வாய்ப்பளிக்கும் ஊர்.

இந்நகரின் வீட்டுத் தோட்ட வரலாற்றில் மூன்று மதிப்புகள் ஒன்றையடுத்து ஒன்று மேலோங்கின. முதலாவது, நிலம் தரும் பயனைக் கொண்டு அளக்கப்பட்ட புழங்குமதிப்பு. இரண்டாவது, தெருவிலிருந்து பார்ப்போர் கண்ணைக் கொண்டு அளக்கப்பட்ட தோற்றமதிப்பு. மூன்றாவது, சதுர அடியைக் கொண்டு அளக்கப்படும் மனைமதிப்பு. இரண்டாவது மதிப்பே மூன்றாவதற்கு வழிவகுத்தது. மூன்றாவதோ தோட்டத்தையே விழுங்கிற்று. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

புழக்கடையின் காலம்

கன்னடத்தில் 'தோட்ட' என்னும் சொல், தமிழின் 'தோட்டம்' போலவே, பாக்கும் தென்னையும் வாழையும் விளையும் நிலத்தையே முதன்மையாகக் குறிக்கும். பார்ப்பதற்கென்றே வளர்க்கப்படும் செடிகளுக்கு அச்சொல் தனியிடம் தரவில்லை. வீட்டின் பின்புற நிலத்துக்குக் கன்னடத்தில் 'ஹித்தலு' என்று பெயர். தமிழில் அது கொல்லை, புழக்கடை. புழங்குமிடம் என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. கிணறு, கறிவேப்பிலை, முருங்கை, வாழை, மாட்டுக் கொட்டில், துணி துவைக்கும் கல் ஆகியவை அதன் உறுப்புகள். கழுநீர் வாழைக்கும், சாணம் எருவுக்கும், பூ பூசைக்கும், இலை மருந்துக்கும் சென்றன. 'ஹித்தல கிட மத்தல்ல' என்று ஒரு கன்னடப் பழமொழி உண்டு. கொல்லைச் செடி மருந்தாகாது என்பது அதன் பொருள். கைக்கெட்டிய பொருளின் அருமையை மனிதர் அறியார் என்று இடித்துரைக்கும் இப்பழமொழி, கொல்லையில் மருந்துச்செடி இருப்பதை இயல்பான செய்தியாகவே கொண்டிருக்கிறது.

1537ஆம் ஆண்டு கெம்பேகௌடர் அமைத்ததாகக் கொள்ளப்படும் பேட்டைப் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. தெருவை நோக்கித் திண்ணையும் கடையும் இருந்தன; முன்புறத் தோட்டத்துக்கு அங்கே இடமில்லை. செல்வர் வீட்டிலும் பசுமை உள்முற்றத்துத் துளசி மாடத்தோடு நின்றது. செல்வத்தைத் தெருவுக்குக் காட்டியவை மரத் தூண்களும் கதவின் செதுக்குவேலையும்தாம். செடியைக் கொண்டு தகுதியைக் காட்டும் வழக்கம் அரச மாளிகைத் தோட்டங்களுக்கு உரியதாக இருந்ததேயன்றிக் குடிமக்கள் வீடுகளுக்கு உரியதாக இல்லை.

பங்களாவும் காம்பவுண்டும்

திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு வீழ்ந்தபின், ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்குப் பரவிய காய்ச்சலுக்கு அஞ்சி, 1809ஆம் ஆண்டு அது பெங்களூருக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்த இவ்வூரின் தட்பவெப்பம் ஐரோப்பியருக்கு ஏற்றதாக இருந்தது. பேட்டைக்கு வடகிழக்கே, ஊர்மக்கள் 'தண்டு' என்று அழைத்த கண்டோன்மென்ட் உருவாயிற்று. அதனோடு ஒரு புதிய வீட்டு வடிவமும் வந்தது. நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் கட்டடமும், அதனைச் சுற்றிலும் வெற்றிடமும், அதற்கு அப்பால் மதிலும் கொண்ட பங்களாவே அது.

'பங்களா' என்னும் பெயர் வங்காளத்துக் குடிசையிலிருந்து பிறந்தது. 'காம்பவுண்டு' என்பது மலாய் மொழியின் 'கம்போங்' என்னும் சொல்லின் திரிபு என்பர். சொற்கள் ஆசியாவிலிருந்து பெறப்பட்டவை; அவை குறித்த இடவமைப்பு காலனிய ஆட்சியின் தேவையிலிருந்து எழுந்தது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் நம்பியது. ஆகவே கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு வேண்டும், வீட்டைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும் என்று கருதப்பட்டது. இந்தியாவிலுள்ள படையினரின் நலவாழ்வு குறித்து ஆராய்ந்த அரச ஆணையத்தின் 1863ஆம் ஆண்டு அறிக்கை இச்சிந்தனையை உறுதிப்படுத்தியது. உடல்நலத்துக்கென ஒதுக்கப்பட்ட வெற்றிடமே பின்னர் அழகுக்கான நிலமாக மாறிற்று.

காம்பவுண்டுக்கு முகமும் முதுகும் இருந்தன. முகப்பில் வளைந்து செல்லும் வண்டிப்பாதை, புல்தரை, பூப்பாத்திகள், வராந்தாவின் படிகளில் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள். பின்புறத்தில் சமையற்கட்டு, குதிரைக் கொட்டில், வேலையாட்களின் குடியிருப்பு, காய்கறிப் பாத்தி. புழக்கம் முழுவதும் கண்ணுக்கு மறைவான இடத்துக்குத் தள்ளப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் இடம் புழக்கமற்றதாக ஆக்கப்பட்டது. புல்தரைக்குப் பரவலாகப் பயன்பட்டது நம் அறுகம்புல்லே என்பது கருதத்தக்கது. பிள்ளையாருக்குச் சாத்தப்படும் அதே புல், கத்தரித்து நீர்பாய்ச்சி நடக்கத் தகுந்த விரிப்பாக்கப்பட்டபோது வேறொரு மதிப்பைப் பெற்றது.

இத்தோட்டத்தின் இயல்பை நிலவுடைமையும் வரையறுத்தது. கண்டோன்மென்ட் விதிகளின்படி பல பங்களாக்களில் கட்டடம் மட்டுமே தனியார் உடைமை. நிலம் அரசுடையது, வேண்டும்போது திரும்பப் பெறத்தக்கது. குடியிருந்த அதிகாரியோ சில ஆண்டுகளில் இடம்மாறிச் செல்பவர். முப்பது ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை அவர் நடுவதற்குக் காரணமில்லை. அதனாலேயே ஒரே பருவத்தில் பூத்து முடியும் செடிகளும் தொட்டிச் செடிகளும் பங்களாத் தோட்டத்தில் மிகுந்தன. மாற்றல் ஆணை வந்தால் மேசை நாற்காலிகளோடு பூந்தொட்டிகளும் விலைபேசப்பட்டன. வீட்டின் தோற்றத்தை விரைவில் உயர்த்தும் அலங்காரம் என்னும் எண்ணம் இந்த நிலையற்ற குடியிருப்பிலேயே வேரூன்றியது.

லால்பாக் வகுத்த அழகு

ஐதர் அலி 1760ஆம் ஆண்டு தொடங்கித் திப்பு விரிவாக்கிய லால்பாக், 1856ஆம் ஆண்டு அரசு தாவரவியல் தோட்டமாயிற்று. ஜான் காமரன் 1874 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். அவருக்குப் பின் வந்த குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல், ஜெர்மனியில் பிறந்து இலண்டனின் கியூ தோட்டத்தில் பணியாற்றிப் பரோடா சமஸ்தானத்தின் வழியே மைசூருக்கு வந்தவர். ஒரு தெருவின் மரம் பூத்து ஓயும்போது இன்னொரு தெருவின் மரம் பூக்கத் தொடங்க வேண்டும் என்னும் அவரது திட்டத்துக்கே பெங்களூர் தன் மலர்க்காலங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. தென்னமெரிக்காவின் ஜக்கரண்டாவும் தபேபூயாவும், மடகாஸ்கரின் குல்மோகரும் இவ்வூரின் அடையாளங்களாயின.

வீட்டுத் தோட்டத்துக்கு லால்பாக் மூன்று வகையில் ஆசானாயிற்று. முதலாவதாக, அது நாற்றும் விதையும் வழங்கியது. தமிழர் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்றும் கன்னடர் 'சீமெ பதனெ' என்றும் அழைக்கும் சௌசௌ, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட கொடி. இவ்வூர்த் தோட்டங்களின் வழியே பரவியதாலேயே அப்பெயர் பெற்றது. இரண்டாவதாக, எது அழகு என்பதற்கு அது கண்கூடான அளவுகோல் தந்தது. மூன்றாவதாக, அவ்வழகைப் போட்டிக்குரிய பொருளாக்கியது. 1912ஆம் ஆண்டு தோன்றிய மைசூர் தோட்டக்கலைச் சங்கம், கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சிகளை நடத்திவந்தது. வீட்டுத் தோட்டங்களுக்கான போட்டிகளும் அதனோடு சேர்ந்தன. நடுவர்கள் வீடுவீடாக வந்து பார்த்து மதிப்பெண் இடும்போது, முற்றம் என்பது குடும்பத்தின் தனியிடம் என்னும் நிலை மாறிப் பொதுக் கண்ணுக்குரிய காட்சியாகிறது. தோற்றமதிப்பு இவ்வாறு நிறுவனமயமாயிற்று.

இவ்வழகுக்கு ஒரு விலையும் இருந்தது. வேலிச்செடியாகவும் அலங்காரச் செடியாகவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, மதில்களைத் தாண்டிச் சென்று இன்று தென்னிந்தியக் காடுகளின் பெரும்பரப்பை மூடியிருக்கிறது. நீலப் பூவுக்காகக் குளங்களில் விடப்பட்ட ஆகாயத்தாமரை ஏரிகளை மூச்சுத் திணற வைக்கிறது. ஒரு வீட்டு முகப்பின் அழகுக்கான செலவு, வேறெங்கோ வாழ்வோரின் மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலையிலும் கணக்கெழுதப்பட்டது.

தோட்டத்தை வளர்த்த கைகள்

பெங்களூர்த் தோட்டத்தைப் பேசுவோர் கண்காணிப்பாளர்களின் பெயர்களை அறிவர். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் ஆவணத்தில் அரிது. ஆயினும் ஒரு சமூகத்தின் பெயர் நிலைத்திருக்கிறது. திகளர் எனப்படுவோர் தமிழ்நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படும் தோட்டப்பயிர்ச் சமூகத்தினர். வன்னிகுல சத்திரியர் என்றும் தம்மை அழைத்துக்கொள்வர். லால்பாக்கை அமைக்க ஐதர் அலி இவர்களை அழைத்துவந்தார் என்பது மரபுச்செய்தி. தருமராயசுவாமி கோயிலின் கரகத் திருவிழா இவர்களுக்கு உரியது. பேட்டைக்கும் தண்டுக்கும் வேண்டிய கீரை, காய்கறி, பூ ஆகியவற்றை ஏரிக்கரை நிலங்களில் இவர்கள் விளைவித்தனர்.

பேட்டைக்கும் கண்டோன்மென்டுக்கும் இடையே கிடந்த சம்பங்கி ஏரியைச் சூழ்ந்து திகளர் தோட்டங்கள் இருந்தன. நகரம் பெருகியபோது அவ்வேரி வற்றவிடப்பட்டது. அந்நிலத்தில் காண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. கரகச் சடங்குக்கென விடப்பட்ட சிறு குளமே ஏரியின் எச்சம். பிறர் வீட்டு முற்றங்களை அழகுபடுத்தும் கலையில் தேர்ந்தோர், தம் சொந்தத் தோட்ட நிலங்களைப் படிப்படியாக இழந்தனர். லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்தில் தொடர்ந்து இயங்கிவரும் நாற்றங்கால்கள், இந்தத் தோட்டத் தொழில்மரபு முற்றிலும் அழியவில்லை என்பதைக் காட்டுகின்றன. எனினும் விளைவிப்பவர் என்னும் நிலையிலிருந்து நாற்று விற்பவர் அல்லது மாதச் சம்பளத் தோட்டக்காரர் என்னும் நிலைக்கு வந்தவர் பலர். வீட்டின் மதிப்பை உயர்த்திய உழைப்பு, அம்மதிப்பில் பங்கு பெறவில்லை.

இரு மரபும் கூடிய முற்றம்

1898ஆம் ஆண்டு பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான பேட்டையை விட்டு மக்கள் வெளியேறினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திட்டமிடப்பட்டிருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அதன்பின் விரைந்து வளர்ந்தன. நேர்கோட்டுத் தெருக்களும் வீட்டைச் சுற்றி இடம்விட்ட மனைகளும் கொண்ட இப்பகுதிகளில், மைசூர் அரசின் அலுவலரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் குடியேறினர். பங்களாவின் முகப்பை இவர்கள் ஏற்றனர், கொல்லையைக் கைவிடவில்லை. முன்புறத்தில் குரோட்டன்சும் ரோஜாவும் பவழமல்லியும்; பக்கத்தில் சம்பகமும் மாவும்; பின்புறத்தில் தென்னை, வாழை, கறிவேப்பிலை, கிணறு.

கண்டோன்மென்ட் தோட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியது. இங்கே நிலம் குடும்பத்தின் சொந்தம். பாட்டனார் நட்ட மரத்தின் காயைப் பேரன் தின்பான் என்னும் நம்பிக்கையோடு மரம் நடப்பட்டது. தோற்றமும் பயனும் ஒரே மதிலுக்குள் உடன்வாழ்ந்த காலம் இது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெங்களூர் பெற்ற 'தோட்ட நகரம்' என்னும் பெயர், பூங்காக்களுக்கும் சாலை மரங்களுக்கும் எவ்வளவு கடன்பட்டதோ அவ்வளவு இவ்வீட்டு முற்றங்களுக்கும் கடன்பட்டது. ஓய்வுபெற்றோரின் சொர்க்கம் என்னும் புகழும் இம்முற்றங்களில் பிறந்ததே.

நீரின் கணக்கு

தோட்டத்தின் வரலாறு நீரின் வரலாறும் ஆகும். பங்களாத் தோட்டம் கிணற்றையும் ஏரியையும் நம்பியிருந்தது. 1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரம் ஏற்றி, மின்விசையால் தள்ளிக் கொண்டுவரப்படுவது இக்காவிரி நீர். குழாய் வந்தபின் கிணறு மறக்கப்பட்டது. கழுநீர் வாழைக்குச் சென்ற பாதை அடைபட்டுச் சாக்கடைக்குத் திரும்பியது. கொல்லையின் சுழற்சியில் வளர்ந்த செடியும், தொலைதூர ஆற்றின் நீரில் வளரும் புல்தரையும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தோன்றலாம். அவற்றின் வரலாற்றுப் பொருள் வேறு.

முற்றத்தை விழுங்கிய மனை

1945ஆம் ஆண்டு நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், 1976ஆம் ஆண்டு அதன் வழித்தோன்றலான பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் அமைந்தன. பொதுத்துறை ஆலைகளின் வருகையோடு பெருகிய மக்களுக்கு அவை மனைகளை வகுத்து அளித்தன. '30க்கு 40', '40க்கு 60' என்னும் அடிக்கணக்குகள் நகரத்தாரின் அன்றாடப் பேச்சாயின. 1200 சதுர அடி மனையில் விதிப்படி விடவேண்டிய இடைவெளியை விட்டபின் எஞ்சும் கீற்று, ஸ்கூட்டர் நிறுத்தப் போதும், மாமரத்துக்குப் போதாது.

பழைய காம்பவுண்டுகளும் உள்ளிருந்தே கரைந்தன. முதலில் கொல்லையில் வாடகைக்கு ஓர் 'அவுட் ஹவுஸ்' எழுந்தது. பின்பு உடன்பிறந்தோர் பாகம் பிரித்தனர். 1990களில் மென்பொருள் தொழில் பெருகி நிலவிலை ஏறியபோது, பங்களாவை இடித்து அடுக்ககம் கட்டிக் கட்டுநரும் உரிமையாளரும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்கள் வழக்கமாயின. இதில் எவருடைய பேராசையையும் தேட வேண்டியதில்லை, கணக்கே போதுமானது. கட்டடம் ஆண்டுதோறும் தேயும், மரம் வளரும், ஆனால் நிலத்தின் விலை இரண்டையும் விட விரைவாக ஏறும். அவ்விலை ஓர் எல்லையைக் கடந்ததும், தோட்டம் வீட்டுக்குக் கூட்டிய மதிப்பைவிட அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் மதிப்பு பெரிதாகிவிடுகிறது. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு பரப்பளவைக் கேட்கிறது. சம்பக மரத்தின் வயதைக் கேட்பதில்லை. மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், வாங்குபவர் கண்ணில் முற்றத்து மரம் ஒரு தடையாகவும் தோன்றலாம்.

தோற்றமதிப்பின் முரண் இங்கே வெளிப்படுகிறது. பெங்களூரில் வாழ வேண்டும் என்னும் விருப்பத்தைத் தூண்டியவற்றுள் அதன் தோட்ட முகப்புகளும் ஒன்று. அவ்விருப்பம் நிலவிலையை ஏற்றியது. ஏறிய விலை தோட்டத்தைப் பொருளியல் நோக்கில் தாங்கவியலாத ஒன்றாக்கியது. அழகே தன் அழிவுக்கான முதலீடாயிற்று.

தோட்டம் முற்றிலும் மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. 1882ஆம் ஆண்டு ஆங்கிலோ இந்தியரின் வேளாண் குடியேற்றமாகத் தொடங்கப்பட்ட ஒயிட்ஃபீல்டில், உழுது வாழ்வதற்கென வழங்கப்பட்ட நிலங்களின் வட்டாரத்தில் இன்று காவலர் நிற்கும் வாயில்களுக்குப் பின்னே ஒரேமாதிரியான புல்தரைகளும் பனைவகைகளும் விற்பனை விளம்பரங்களின் முதற்பக்கமாகின்றன. தன் நிலத்தின் மண்ணைத் தொடாத ஒருவர் பராமரிப்புக் கட்டணத்தின் வழியே தோட்டத்துக்கு உரிமையாளராகிறார். கண்டோன்மென்ட் அதிகாரியின் பூந்தொட்டியும் இப்புல்தரையும் ஒரே மரபினவை. நிலையாத குடியிருப்புக்கு உடனடி அழகு தருவதே இரண்டின் பணி.

எஞ்சும் வினா

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் சிக்கியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவுவதற்கும் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடைவிதித்தது. மீறுவோர்க்கு 5000 ரூபாய் தண்டம் அறிவித்தது. தோட்ட நகரம் என்று பெயர்பெற்ற ஊரில் செடிக்கு ஊற்றும் நீர் தண்டனைக்குரிய செயலானது முரண்நகையாகத் தோன்றலாம். வரலாற்றை அறிந்தோர்க்கு அது எதிர்பார்க்கத்தக்கதே. கிணற்றையும் கழுநீரையும் ஏரியையும் விட்டு விலகிய தோட்டம், என்றேனும் ஒருநாள் குடிக்கும் நீரோடு போட்டியிட்டே தீர வேண்டும்.

இதனால் வீட்டு முற்றத்தை அழகுபடுத்துவது வீண் என்பது முடிவன்று. மல்லேஸ்வரத்து முற்றங்கள் அழகாகவும் இருந்தன, காய்க்கவும் செய்தன. நிழலும் நீர் உறிஞ்சும் மண்ணும் பறவைகளும் விற்பனை ஆவணத்தில் இடம்பெறாத, ஆயினும் தெரு முழுவதும் துய்க்கும் மதிப்புகள். ஹரிணி நாகேந்திரா போன்ற சூழலியலாளர் பெங்களூரின் வீட்டுத் தோட்டங்களையும் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டிருப்பது இந்த நோக்கில் முக்கியமானது.

வரலாற்று மாணவர்க்கு இங்கே பெரும்பணி காத்திருக்கிறது. பூங்காக்களுக்கும் அரண்மனைத் தோட்டங்களுக்கும் ஆவணம் உண்டு. வீட்டு முற்றத்துக்கோ தனி ஆவணக் காப்பகம் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் குறிக்கப்பட்ட மரங்கள், வாடகை ஒப்பந்தங்களில் வரும் கிணற்றுரிமை, நாற்றங்கால் குடும்பங்களின் நினைவுகள், முதியோர் சொல்லும் கொல்லைச் செடிகளின் பெயர்கள் ஆகியவற்றிலேயே அது சிதறிக் கிடக்கிறது. கட்டடங்கள் இடிபடும் விரைவில் இவையும் மறையும். எஞ்சிய காம்பவுண்டுகள் சதுர அடிக் கணக்காக மாறுவதற்கு முன், அவற்றின் மரங்களையும் அவற்றை வளர்த்தோரையும் பெயர் சொல்லிப் பதிவுசெய்வது இத்தலைமுறை ஆய்வாளரின் கடமை.